தேங்காயெண்ணெய் பூசிய கத்திகள்

கற்பிட்டி,
09.03.2025.

அன்புள்ள தம்பி ஃபாஹிமுக்கு,

பவுலினா அக்கா எழுதுகிறேன். உறையின் பின்புறத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, பிரிப்பதா விடுவதா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்ததற்கு முதலில் நன்றி. உங்களுக்கும் வீட்டாருக்கும் நோன்பு நல்லபடியாகக் கழியட்டும். நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஆகையால் இருக்கிறேன் என்பதோடு விடுகிறேன்.

உங்கள் கட்டார் விலாசத்தைத் தந்தது றிஸ்மியாதான். போன் நம்பரைத்தான் முதலில் கேட்டேன். "நம்பர் குடுக்கவாணாம் எண்டு நானா செல்லீக்கார் அக்கா, கடிதம் எண்டா அட்ரஸ் தாறன்" என்றார். அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கை. தான் நோன்பு பிடித்திருந்தும் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுத்தான் விலாசத்தை எழுதினார். அந்தத் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பஸ்தியான் அண்ணன் ஜனவரி பதினெட்டாம் திகதி காலமாகிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்குள்தான் இருந்தார். சனிக்கிழமை காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டார், கதிரையிலேயே சாய்ந்தார். நான் குசினியில் நின்றேன். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. மகன் றொபி மிலானிலிருந்து பத்து நாள் லீவில் வந்து நின்றுவிட்டுப் போனான். இப்போது வீட்டில் நானும் தையல் மெசினும் இருபத்திமூன்று கத்திகளும்.

கத்திகளைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும். றொபி "இன்ரநெற்றில விக்கப் போட்டா வெளிநாட்டு ஆக்கள் அள்ளிக்கொண்டு போவினம் அம்மா" என்கிறான். எனக்கு எது எந்த ஊர்க் கத்தி, எது அருமையானது, எது சும்மா ஆசைக்கு வாங்கியது என்று தெரியாது. அவர் கப்பலில் இருந்த இருபத்தாறு வருஷத்தில் மற்றவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் சென்ட் போத்தலும் ரேடியோவும் வாங்கி வந்தார்கள். என் மனுஷன் மடக்குக் கத்தி வாங்கி வந்தார். ஒரு மாங்காய் வெட்ட உதவாத கத்தி. வெட்டவும் விடமாட்டார். ஜப்பான் கத்தியை ஒருநாள் நூல் அறுக்க எடுத்தேன் என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவருக்கு ஏற்ற ஆளாக ஆண்டவர் உங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். கடைவீதியில் மணிக்கூடு திருத்துகிற பெடியன் ஒருவன் கத்தியின் சுரையைக் கழற்றி, அலகு வழுக்கித் திறக்க உள்ளே இருக்கிற சின்ன இரும்புக் குண்டுகளைத் துடைத்துப் போட்டுத் தந்தான் என்று அன்று அவர் வீட்டுக்கு வந்த சந்தோஷம், றொபி பிறந்த அன்றுகூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய நீங்கள் வந்துவிடுவீர்கள். மேசையில் பச்சைத் துணி. திறப்பீர்கள், மூடுவீர்கள், திறப்பீர்கள், மூடுவீர்கள். அலகு பிடிக்குள் நட்டநடுவில் இருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பீர்கள். "நல்ல கத்தி பூட்டுவிழுந்தா ஒரு சத்தம்தான் அக்கா, ரெண்டு சத்தம் கேட்டா உள்ளுக்குக் கள்ளம் ஈக்குது" என்று எனக்கும் பாடம் எடுத்தீர்கள். வளர்ந்த ஆம்பிளைகள் இரண்டு பேருக்கு வேறு வேலையில்லையா என்று நான் திட்டிக்கொண்டே சோறு போடுவேன்.

கை விழுந்த பிறகு அவரால் கத்தியைத் திறக்க ஏலவில்லை. இடது கையால் பழகிப் பார்த்தார், வரவில்லை. பிறகு ஞாயிறுகளில் நான் திறந்து காட்டினேன். "இன்னும் மெல்ல", "பெருவிரலை மேல வை", "இப்ப விடு" என்பார். சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வரும். "ஃபாஹிம் ஏன் வாறதை விட்டவன்? நான் அவனுக்கு என்ன செஞ்சன்?"

ஆறு வருஷமாக என்னிடம் அதைக் கேட்டுக் கேட்டே போய்விட்டார், தம்பி. பதில் எனக்குத் தெரியும். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரிய வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடுதாசியை எடுத்தேன். எழுத வரவில்லை. இன்னொரு நாள் எழுதுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கத்திகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று நல்ல தேங்காயெண்ணெய் எடுத்து எல்லாவற்றுக்கும் பூசி, மூட்டுக்குள்ளும் தாராளமாக விட்டு, அலுமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காக ஒரு செபமாலை சொல்லிவிட்டு இதை ஒட்டுகிறேன்.

பவுலினா அக்கா.


கற்பிட்டி,
27.04.2025.

அன்புள்ள தம்பிக்கு,

பெருநாளன்று றிஸ்மியா ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வந்தார். வாசலில் நின்று, "அக்கா, நானாட்டருந்து ஒரு மெசேஜ் வந்தீக்குது" என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "தேங்காயெண்ணெய் வாணாமாம். உடனே துடைக்கட்டாம். பவுலினா அக்காட வீட்ட மெசின் எண்ணெய் ஈக்குதே, அதப் பூசச் செல்லட்டாம்."

அவ்வளவுதான். சலாமும் இல்லை, ஆள் போனதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஒரு கத்தி கெட்டுப்போவதை உங்களால் பொறுக்க ஏலாது. றிஸ்மியா போன பிறகு சிரித்தேன் தம்பி. சிரித்துக்கொண்டே இருந்து, பிறகு அழுதேன். அவர் இருந்திருந்தால், "பாத்தியா, அவன் அவன்தான்" என்று சொல்லியிருப்பார்.

நீங்கள் சொன்னது சரி. அலுமாரியைத் திறந்து துணியைப் பிரித்தேன். எண்ணெய் பிசினாக இறுகி, மஞ்சள் பிடித்து, எறும்பு வேறு. திறந்தால் அலகு பாதியில் நிற்கிறது. முப்பது வருஷம் மெசினுக்கு எண்ணெய் விட்டவள், கையெட்டும் தூரத்தில் அந்தப் போத்தல் இருக்க, தேங்காயெண்ணெயைத் தேடிப் போயிருக்கிறேன். மெசின் எண்ணெய் அழுக்கு, தேங்காயெண்ணெய் சுத்தம் என்று நினைத்துவிட்டேன். சுகமில்லாமல் படுத்தவனுக்கும் பூசுவோம், விளக்குக்கும் விடுவோம், கத்தியை மட்டும் கெடுக்கும் என்று யார் கண்டது?

ஒன்பது நாள் இருந்து துடைத்தேன். அவருடைய சின்னப் பெட்டியில் நட்சத்திர வாய் வைத்த திருப்புளிகள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்தேன். ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய ஒழுங்கில் ஒரு பழைய சட்டைத்துணியில் குத்தி வைத்தேன், தைக்கும்போது பொத்தான் வைக்கிறமாதிரி. உள்ளே இருந்த குண்டுகள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. முழங்காலில் நின்று முக்கால் மணி நேரம் தேடினேன். கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆள் இருக்கவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன், இருபத்திரண்டு தப்பிவிட்டது. டைட்டேனியம் பிடி போட்டதெல்லாம் ஒரு சேதமும் இல்லை. நெருப்பில் காட்டி நீலம் ஏற்றியது என்று நீங்கள் சொல்கிற அந்த ஒன்று, துடைத்தபின் முன்னைவிட நீலமாக இருக்கிறது. சிப்பிப் பிடியும் நல்லாயிருக்கிறது. ஜப்பான் கத்திதான். அதன் அலகில் தண்ணீர் ஓடினமாதிரி வரிகள் வருமே, அந்த வரிகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் துரு தின்றுவிட்டது. ஒரு உளுந்தளவுதான். அவருடைய செல்லம் அது. என் கையால்தான் கெட்டது.

கெட்டதுதான் கெட்டது என்று ஒருநாள் அதால் ஒரு தக்காளிப்பழம் வெட்டினேன். கோபிக்க வேண்டாம். பழத்தின் மேல் வைத்தேன், அமத்தவேயில்லை, கத்தி தன்பாட்டில் இறங்கிவிட்டது. வெட்டிய பக்கம் கண்ணாடி போல இருந்தது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நாற்பது வருஷம் ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்தி, அவருக்கு எது இனித்தது என்று ஒரு தக்காளிப்பழம் வெட்டித்தான் எனக்கு விளங்கியிருக்கிறது. ஒரு ஆள் எங்கேயோ ஒரு மூலையில் இருந்து, யாரும் பார்க்காத உள்பக்கத்தையும் இவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறான். அதைப் பார்த்து மெச்ச இன்னொரு ஆள் வேண்டும். அவருக்கு நீங்கள் இருந்தீர்கள்.

போன ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. ஆறு வருஷம் ஆகிவிட்டது. என் தங்கை யூஜினிக்குப் பூசை கொடுத்தேன். உங்களுக்குத் தெரியும், நீர்கொழும்புக் கோயிலில் குண்டு வெடித்த அன்று பூசையில் இருந்தவள் அவள். அந்த நாளுக்கென்று அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது நான். ஆஸ்பத்திரியில் அந்தத் தையலைப் பார்த்துத்தான் இது என் தங்கை என்று அடையாளம் சொன்னேன்.

அது நடந்து நாலாம் நாள்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது, தம்பி. பெரிய வெள்ளிக்கு முதல் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆண்டவர் மன்னிப்பார் அம்மா, ஆனா நீங்க பொய் சொன்னது ஆண்டவரிட்ட இல்லையே" என்றார். இளம் சுவாமியார். நல்லாய்த் தைக்கிற மாதிரித்தான் சொன்னார்.

என்ன பொய் என்று இதிலேயே எழுதிவிடலாம். மெசின் எண்ணெயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. உங்களிடமிருந்து ஒரு சொல் வந்தால் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். கத்தியைப் பற்றிய சொல்லாக இருந்தாலும் போதும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வெயிலில் கவனம்.

பவுலினா அக்கா.


கற்பிட்டி,
29.06.2025.

தம்பி ஃபாஹிம்,

போன கடிதத்துக்கு எண்ணெய்ச் செய்திகூட வரவில்லை. வராதது நியாயம்தான். நானும் உங்கள் சொல்லுக்காகக் காத்திருந்தது பிழை. குற்றம் செய்தவள் நான், தைரியம் தர வேண்டியவர் நீங்களா?

நேற்று றிஸ்மியாவின் வீட்டுக்குப் போனேன். ஸஃப்னாவின் சட்டைகளுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார். உங்கள் மகள் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். ஓகஸ்டில் நிக்காஹ், நீங்கள் ஒரு மாத லீவில் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் சேர்த்து வைத்திருந்த உங்கள் கத்திகளைப் பற்றிக் கேட்டேன். அவை எங்கே என்று இத்தனை வருஷமும் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தால் தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

றிஸ்மியா சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டிலிருந்து திரும்பிய அதே பின்னேரம் மச்சானின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு உச்சமுனைப் பக்கம் களப்புக்குள் போனீர்களாம். பதினொரு கத்தியையும் தண்ணீரில் போட்டீர்களாம். "சும்மா கொட்டல்ல அக்கா, ஒவ்வொண்டாத் துறந்து பாத்து, மூடிட்டுத்தான் போட்டாராம். மச்சான் செல்லித்தான் எங்களுக்கே தெரியும். நானா அதப்பத்திக் கதைக்கிறல்ல" என்றார். என் கையில் அளவுநாடா இருந்தது. எங்கே நிறுத்தினேன் என்று மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து அளந்தேன்.

இனி நான் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதுகிறேன்.

அது வியாழக்கிழமை, மத்தியானம். அவர் நீர்கொழும்பில் யூஜினியின் மனுஷனோடு நின்றார். நான் மாற்றுடுப்பு எடுத்துக்கொண்டு போக ஒருநாள் வந்திருந்தேன். நீங்கள் பிஸ்கட் ரின் பெட்டி ஒன்றைத் துணியால் மூடிக்கொண்டு வந்தீர்கள். நான் கதவைத் திறக்கவில்லை, யன்னலைத்தான் பாதி திறந்தேன். முதலில் நீங்கள் கேட்டது யூஜினியைப் பற்றி. "கேள்விப்பட்டதிலருந்து தொண்டைக்குள்ள ஒண்டும் இறங்கல்ல அக்கா" என்றீர்கள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று அது என் காதில் விழாத மாதிரி நின்றேன்.

பிறகு சொன்னீர்கள், "இதக் கொஞ்ச நாளைக்கு உள்ள வச்சிக்கொள்ளுங்க அக்கா. எங்கட பக்கமெல்லாம் ஆமி வீடு வீடா செக் பண்றாங்க. என்னத்துக்கு இவ்வளவு கத்தி எண்டு கேட்டா, பாக்கிறத்துக்கு எண்டு செல்லேலுமா? யார் நம்புவாங்க?"

இந்த ஊரில் அதை நம்பக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வீட்டுக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். "உங்கட ஆக்கள் செஞ்சது காணாதா, இப்ப கத்தியையும் என்ர வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வாறியா" என்று கேட்டேன். பத்து வருஷம் எங்கள் வீட்டில் சோறு தின்ற பிள்ளையை அன்றைக்குத்தான் முதல் தடவை நீ என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "அண்ணனிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றீர்கள். அதற்கு நான் சொன்னதுதான் அந்தப் பொய். "அவர்தான் சொல்லிட்டுப் போனவர், உன்னைப் படி ஏத்த வேண்டாமெண்டு."

அவர் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நீங்கள் வந்ததே அவருக்குத் தெரியாது. நீர்கொழும்பில் அந்தச் சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டும், "ஃபாஹிம் கடையைப் பூட்டியிருப்பான், பயந்துபோயிருப்பான், ஒருக்கா எடுத்துக் கதைக்க வேணும்" என்று சொன்ன மனுஷன் அவர். நான்தான் போனை அவர் கையிலிருந்து வாங்கி, "இப்ப வேண்டாம்" என்றேன்.

அவர் ஊருக்கு வந்து உங்களைப் போனில் எடுத்தார். நீங்கள் எடுக்கவில்லை. கடைக்குப் போனார், பூட்டியிருந்தது. வீட்டுக்கும் வந்தார், நீங்கள் இல்லை என்று உள்ளேயிருந்து சொன்னார்களாம். சனிக்கிழமை உங்கள் வீட்டைச் சோதித்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த வருஷமே கட்டாருக்குப் போய்விட்டீர்கள். அவர் கேட்கத் தொடங்கினார், நான் அவனுக்கு என்ன செஞ்சன் என்று. ஒருநாள் தாங்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதற்கு அல்ல.

குருத்தோலை ஞாயிறன்று அவர் உங்களுக்கு அந்த இத்தாலிக் கத்தியைப் பரிசாகக் கொடுத்தாரே. கையிலிருந்து கைக்குக் கொடுத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும், கீழே வைத்து எடுக்கச் சொல்லுங்கள் என்று குசினியிலிருந்து கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதைத்தான் காரணமாக எடுத்துவிட்டேன். "அண்டைக்குக் கைக்குக் கை குடுத்தியள், அதுதான் இப்பிடி ஆச்சு. நான் சொன்னன், கேட்டியளா" என்றேன். ஒரு சமாளிப்புக்குச் சொன்னதுதான். நாளைக்கு மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் அதை நம்பிவிட்டார். உலகம் சுற்றிய மனுஷன், சகுனம் சாத்திரம் என்றால் சிரிக்கிறவர், வேறு காரணம் ஒன்றும் கிடைக்காதபடியால் அதை நம்பினார். அன்றிலிருந்து ஒரு கத்தியையும் யாருக்கும் கையில் கொடுக்கவில்லை. எனக்கு மீன் வெட்டுகிற கத்தியைக்கூட மேசையில் வைத்துவிட்டு, "எடு" என்பார். கை விழுந்த பிறகும், இடது கையால் நடுங்க நடுங்கக் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொரு தடவையும் அதை எடுத்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைத்தேன். சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம். அவருக்கு நீங்கள் இல்லாமல் போனது போதாதா, நானும் இல்லாமல் போக வேண்டுமா என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அது நியாயமில்லை, சுயநலம்தான்.

தங்கையைப் பறிகொடுத்தவள் ஏதோ பேசிவிட்டாள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். உங்கட ஆக்கள் என்று சொன்ன சொல் துக்கத்தில் வந்தது என்று வையுங்கள். அவர் பெயரை எடுத்துச் சொன்ன பொய் துக்கத்தில் வரவில்லை. நீங்கள் திரும்பி வரவே கூடாது என்று யோசித்துத்தான் அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் எனக்குத் துக்கம் இல்லாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களிலும் நான் வாய் திறக்கவில்லை.

கத்திகளை என்ன செய்வது என்று முதல் கடிதத்தில் கேட்டேன். அது உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு சாட்டு. றொபிக்கு விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு அனுப்பி என் மனப்பாரத்தை இறக்கவும் விருப்பமில்லை. களப்புக்குள் கிடக்கிறவற்றுக்கு இவை ஈடாகாது. அலுமாரியில் இருக்கின்றன, மெசின் எண்ணெய் பூசி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மன்னிப்பை இல்லை. என்னை நீங்கள் மன்னிக்காமல் இருப்பதே எனக்கும் சரியாகப் படுகிறது. நிக்காஹ் வீட்டுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். சட்டைகளைத் தைத்து றிஸ்மியாவிடம் கொடுத்துவிடுவேன். தெருவில் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

ஓகஸ்டில் வரும்போது ஒரு காலைநேரம் அவரை அடக்கம் செய்த எங்கள் சேமக்காலைக்குப் போய் வாருங்கள். கோயிலுக்குப் பின்பக்கம், கடல் பக்கமாக இரண்டாவது வரிசை, சிலுவையில் பெயர் எழுதியிருக்கிறது. கேற் பூட்டுவதில்லை. நான் வரமாட்டேன், அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டேன். உங்கள் மார்க்கத்தில் அங்கே என்ன ஓதலாம், என்ன ஓதக்கூடாது என்று எனக்குத் தெரியாது. ஓதச் சொல்லிக் கேட்கவில்லை. பத்து நிமிஷம் நின்று அவரோடு கதைத்துவிட்டு வாருங்கள். நான் செய்ததைச் சொல்வதென்றால் சொல்லுங்கள், எனக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. அதைவிட, புதிதாக என்ன இரும்பு வந்திருக்கிறது, யார் என்ன கத்தி செய்திருக்கிறான், நீங்கள் எதைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆறு வருஷமாக அவருக்கு அதைச் சொல்ல ஒரு ஆளில்லை. ஞாயிறுகளில் நான் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன் தம்பி. எனக்குப் பேரெல்லாம் பிழையாகத்தான் வருகிறது. இரண்டு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது, சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

ஸஃப்னா நிறைந்த சுகத்தோடு வாழட்டும்.

பவுலினா.